ஓட்டினவர் கழுவட்டும்

எங்கள் வீட்டில் வண்டி விஷயத்தில் ஒரு சட்டம் உண்டு. யாரும் எழுதி வைத்ததில்லை. எழுதி வைக்காததால் அதை மாற்ற வேண்டும் என்றும் யாருக்கும் தோன்றவில்லை. ஆண்கள் ஓட்டுவார்கள், பெண்கள் கழுவுவார்கள். அப்பாவின் சைக்கிளை அம்மா கழுவினாள். அண்ணன் குமுளிப் பக்கத்து ஏலத்தோட்டங்களுக்கு ஆள் ஏற்றிப் போன ஜீப்பை மதினியும் நானும் கழுவினோம். ஆயுத பூஜைக்கு முதல் நாள் சக்கர இடுக்குகளில் விரலை விட்டுச் சேறு நோண்டுவோம். மறுநாள் அண்ணன் எலுமிச்சம்பழத்தை நசுக்கி ஜீப்பை எடுத்து, ஊரை ஒரு சுற்றுச் சுற்றி வருவார். முன் சீட்டில் அவருடைய சிநேகிதர்கள் உட்கார்ந்திருப்பார்கள். நாங்கள் வாசலில் நின்று பார்ப்போம்.

எனக்கு நாற்பத்தொன்பது வயது. ஓடைப்பட்டிப் பக்கம் ஒரு நடுநிலைப் பள்ளியில் டீச்சர். கல்யாணம் ஆகவில்லை. அதற்குத் தனியாக ஒரு கதை இருக்கிறது, இது அந்தக் கதை இல்லை. உத்தமபாளையத்தில் அப்பா கட்டிய வீட்டின் ஒரு பாதியில் நான் இருக்கிறேன், மறுபாதியில் அண்ணனும் மதினியும் இருக்கிறார்கள். வாசல் ஒன்றுதான். அப்பா போன பிறகு ஜீப் ஓட்டி என்னைப் படிக்க வைத்தவர் அண்ணன். அதை மறைத்துவிட்டேன் என்று நாளைக்கு யாரும் சொல்லக் கூடாது. நன்றி கெட்டவள் என்ற பட்டத்தை ஏற்கெனவே கொடுத்துவிட்டார்கள், பரவாயில்லை.

பள்ளிக்கூடத்துக்கு இரண்டு பஸ். சின்னமனூரில் இறங்கி மாற வேண்டும். இருபத்திரண்டு வருடம் அப்படிப் போய் வந்து முட்டி தேய்ந்த பிறகுதான் கார் வாங்கினேன். மெரூன் நிறம், சின்ன வண்டி. ஆசை ஒன்றே ஒன்றுதான். அதை நானே ஓட்டிக்கொண்டு போய்ப் பள்ளிக்கூட வேப்பமரத்தடியில் நிறுத்த வேண்டும். வேறு பெரிய லட்சியம் எதுவும் எனக்குக் கிடையாது.

தேனியில் ஷோரூமுக்குப் போனபோதே சகுனம் சரியில்லை. வண்டியை ஒப்படைக்கும்போது அட்டையில் செய்த ஆளுயரச் சாவி ஒன்றைக் கொடுத்துப் போட்டோ எடுப்பார்கள். அந்தப் பையன் சாவியை நேராக அண்ணன் கையில் கொடுத்தான். என் கையில் ஒரு லட்டு டப்பா வந்தது. "மேடம், கொஞ்சம் தள்ளி நில்லுங்க, வண்டி மறைக்குது" என்றான். கையெழுத்துப் போட்ட கை லட்டு டப்பாவோடு நிற்கும் அந்தப் போட்டோ இன்னும் அண்ணன் வீட்டு ஷோகேஸில் இருக்கிறது. நான் வாயைத் திறந்து ஏதாவது சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. அன்றைக்கு எனக்கு ஓட்டத் தெரியாது, அதனால் வாயும் அடைத்துப் போயிருந்தது.

"டிரைவிங் ஸ்கூல்ல சேரப் போறேண்ணே" என்றேன், வண்டி வந்த அன்றே.

"ஏத்தா, அதுக்கென்ன இப்ப அவசரம்? நான் இருக்கேன்ல. அங்கன இங்கன கொண்டு போயி இடிச்சு வச்சுட்டா? ஏலத்தோட்டத்து ஜீப்புக எப்படி வர்றானுகன்னு உனக்குத் தெரியுமா?"

எனக்குத் தெரியாதா என்ன? அவரே அப்படி வந்தவர்தான். முதல் வாரம் என்னைப் பள்ளிக்கூடம் வரைக்கும் கொண்டுபோய் விட்டார். இரண்டாம் வாரம் சின்னமனூர் வரைக்கும். மூன்றாம் வாரம் அவருக்கு, ஜீப்பை விட்ட பின் பிடித்த வாழைத்தார் வியாபாரத்தில் வேலை அதிகம் ஆகிவிட்டது. நான் பஸ் ஸ்டாப்பில் குடையைப் பிடித்துக்கொண்டு நின்றேன். என் கார் என்னைத் தாண்டிப் போனது. அண்ணன் பாசமாக ஒரு ஹாரன் அடித்துவிட்டுப் போனார்.

ஆனால் ஞாயிற்றுக்கிழமை வந்தால் கார் எனக்கே எனக்கு. கழுவ.

பொய் சொல்ல மாட்டேன், எனக்குக் கழுவப் பிடித்திருந்தது. வண்டியோடு வந்த புத்தகத்தைப் பாடப்புத்தகம் மாதிரி அடிக்கோடு போட்டுப் படித்தேன். வெயில் ஏறுவதற்குள் கழுவிவிட வேண்டும், தகரம் சூடாகிவிட்டால் தண்ணீர் திட்டுத் திட்டாகக் காயும். போர் தண்ணீர் கூடாது, உப்புப் படியும். அதனால் ஒரு நாள் விட்டு ஒரு நாள் வரும் ஆற்றுத் தண்ணீரை இரண்டு குடம் எடுத்து வைப்பேன். சோப்புத் தண்ணீருக்கு ஒரு வாளி, அலசுவதற்கு ஒரு வாளி. துணியை அலசாமல் மறுபடி வண்டி மேல் வைத்தால், துணியில் இருக்கும் மணலே வண்டியைக் கீறிவிடும். மேலே கூரையில் ஆரம்பித்துக் கண்ணாடி, கதவு என்று இறங்கி, சக்கரத்தைக் கடைசியில் தொட வேண்டும். துடைப்பதற்கு அண்ணனுடைய பழைய வேட்டியைப் போல ஒரு துணி கிடையாது. எத்தனையோ வருடம் துவைத்துத் துவைத்துப் பஞ்சாகிப் போன வேட்டி அது.

அப்படிக் கழுவும்போதுதான் வண்டி எனக்குச் சேதி சொல்ல ஆரம்பித்தது. கதவின் அடியில் ஒட்டிக் காய்ந்த கறுப்புச் சேறு என்றால் மலை ஏறி வந்திருக்கிறது. முன்னால் கிரில்லில் வைக்கோல் தூசி அடைத்திருந்தால், கம்பம் ரோட்டில் கதிர் காயப் போட்டிருந்ததன் மேல் ஏறி வந்திருக்கிறது. ஆடிக் காற்றில் பள்ளத்தாக்குப் புழுதி முழுவதும் கண்ணாடியில்தான் இருக்கும், அதற்கு யாரையும் குறை சொல்ல முடியாது. ஆனால் டிக்கிக்குள் விரித்திருந்த புது கார்ப்பெட்டில் வாழைக்கறையைப் பார்த்த அன்று எனக்கு வயிறு எரிந்தது. வாழைக்கறை எதற்கும் போகாது. தார் ஏற்ற வேண்டுமென்றால் அவரிடம் லோடு ஆட்டோ இல்லையா?

"ஒரு சாக்கையாவது விரிச்சிருக்கலாம்லண்ணே" என்றேன்.

"டிக்கின்னா சாமான் வைக்கத்தான். பூஜை ரூமா அது?" என்றார்.

நான் வண்டியைக் கழுவிக் கழுவி, அது போன ஊரெல்லாம் தெரிந்துகொண்டேன். நான் மட்டும் எங்கேயும் போகவில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை சக்கரத்தின் முன்னால் குத்தவைத்து உட்கார்ந்திருக்கும்போது இது உறைத்தது. அடுத்தவன் சாப்பிட்ட தட்டைக் கழுவி, அவன் என்ன குழம்பு சாப்பிட்டான் என்று தெரிந்துகொள்கிற பிழைப்பு. அதுவும் என் வீட்டு அரிசியில் பொங்கியது.

அதற்கப்புறம்தான் மருந்து விழுந்தது.

அண்ணனுக்கு ஓடைப்பட்டியில் ஒரு சிநேகிதர் திராட்சைத் தோட்டம் வைத்திருக்கிறார். ஒரு வெள்ளிக்கிழமை அங்கே போனவர், வெயிலில் நிறுத்தினால் புது வண்டி வெளுத்துவிடும் என்று பாசத்தோடு திராட்சைப் பந்தலுக்கு அடியில் கொண்டுபோய் நிறுத்திவிட்டார். பந்தல் நிழல் நல்ல நிழல்தான். ஆனால் பக்கத்து வரிசையில் கொடிக்கு மருந்து அடித்துக்கொண்டிருந்தார்கள். மயில்துத்தமும் சுண்ணாம்பும் கரைத்த மருந்து. இவர் கட்டிலில் உட்கார்ந்து பேசி முடித்து எழுந்து வருவதற்குள் மெரூன் வண்டி முழுக்க நீலமும் வெள்ளையுமாகப் புள்ளி விழுந்து காய்ந்துவிட்டது.

சாயங்காலம் நான் பள்ளிக்கூடம் விட்டு வந்தபோது அண்ணன் வாசலில் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு நின்றார். கையில் ஒரு கிண்ணத்தில் கரைத்த புளி. இன்னொரு கையில் தேங்காய் நார். எனக்கு ஒரு நிமிடம் ஒன்றும் புரியவில்லை.

"துத்தம்னா என்ன? செம்பு. செம்புப் பானையில களிம்பு பிடிச்சா எதைப் போட்டுத் தேய்க்கிறீக? புளிதான? அதான் இதுவும்" என்றார். கண்டுபிடித்த பெருமை அவர் முகத்தில் இருந்தது.

அதற்குள் பானட்டைத் தேய்த்து முடித்திருந்தார். புள்ளி போயிருந்தது, அதை நான் மறுக்கவில்லை. புளிக்குப் புள்ளி போகும். ஆனால் நாருக்குப் பளபளப்பும் சேர்ந்து போயிருந்தது. பானட் முழுக்க வட்டம் வட்டமாக, பித்தளைக் குத்துப்போணியைத் தேய்த்த மாதிரி கீறல். புளியங்கொட்டை ஒன்று வைப்பர் இடுக்கில் மாட்டிக்கொண்டிருந்தது. வண்டி வாங்கி அப்போது நான்கு மாதம்கூட ஆகவில்லை.

"பாத்தியா, எப்படிப் போயிருச்சுன்னு? கை வலிக்கிது. மிச்சத்தை நீ தேச்சு விட்டுரு" என்று கிண்ணத்தை என்னிடம் நீட்டினார்.

நான் கிண்ணத்தை வாங்கவில்லை. தோளில் பையும் கையில் குடையும் அப்படியே இருந்தன. இருபத்திரண்டு வருடமாகப் பிள்ளைகளை அதட்டிய குரல் அன்றைக்குத்தான் வீட்டில் வெளியே வந்தது.

"ஓட்டுனவுக கழுவட்டும்" என்றேன்.

"என்ன சொன்ன?"

"இனிமே இந்த வண்டிய நான் கழுவ மாட்டேண்ணே. ஓட்டுனவுக கழுவட்டும். என்னைக்கு நான் ஓட்டுறேனோ அன்னைக்குக் கழுவுறேன்."

மதினி கதவுக்குப் பின்னாலிருந்து எட்டிப் பார்த்தாள். அண்ணன் சிரித்தார். கோபப்பட்டிருந்தால்கூட எனக்கு மனசு ஆறியிருக்கும். "இந்த வயசுல உனக்கு ஸ்டீரிங்கு கேக்குதோ?" என்று சொல்லிவிட்டுக் கிண்ணத்தை அங்கேயே வைத்துவிட்டுக் குளிக்கப் போய்விட்டார்.

மறுநாள் சனிக்கிழமை. பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் இருக்கும் டிரைவிங் ஸ்கூலில் பணத்தைக் கட்டினேன். ஒளித்து மறைத்துச் செய்யவில்லை. அண்ணனிடம் சொல்லிவிட்டுத்தான் போனேன். "போயிட்டு வா, பொழுது போகும்" என்றார்.

வண்டி கழுவாமல் நின்றது. ஒரு வாரம், இரண்டு வாரம். நீலப் புள்ளிகள் மேல் புழுதி, புழுதி மேல் காக்கை எச்சம். என் கை அரிக்கத்தான் செய்தது. காலையில் பால் வாங்கப் போகும்போது அந்தப் பக்கம் திரும்பாமல் போவேன். நம் பிள்ளை மூக்கொழுகிக்கொண்டு நிற்பதைப் பார்த்தும் துடைக்காமல் போவது போல இருந்தது. தெருவில் எல்லோரும் துக்கம் விசாரித்தார்கள். டீக்கடையில் ஒருவர் அண்ணனிடம், "என்னண்ணே, வண்டிக்கு அம்மை போட்டிருக்கா? வேப்பிலை கட்டலையா?" என்று கேட்டாராம். மதினிதான் வந்து சொன்னாள்.

"உங்கண்ணன் ரொம்ப மனசு ஒடஞ்சு போயிருக்காக. ஒரு வாளித் தண்ணிய ஊத்தி விடேன் டீச்சர்" என்றாள். கோபமாக இருந்தாலும் கேலியாக இருந்தாலும் அவளுக்கு நான் டீச்சர்தான்.

"நீங்க ஊத்துங்க மதினி. நான் தடுக்கலையே."

"நானா? எனக்கென்ன தலையெழுத்து? அந்த ஜீப்பைக் கழுவுனதுக்கே என் இடுப்பு இன்னும் வலிக்கிது" என்று சொல்லி, சிரிப்பை அடக்கிக்கொண்டு உள்ளே போனாள்.

அண்ணன் கடைசியில் வாட்டர் சர்வீஸுக்கு ஓட்டிப் போனார். தண்ணீரைப் பீய்ச்சி அடித்ததில் புழுதி போனது, புள்ளி போகவில்லை. பாலிஷ் போட வேண்டும் என்று ஒரு தொகை சொன்னார்களாம். அதை என்னிடம் வந்து சொன்னார். அடுத்தவர் வண்டிக்கு நாம் எதற்கு இவ்வளவு செலவு செய்ய வேண்டும் என்று அவருக்குத் தோன்றியது நியாயம்தானே? காசு கேட்டபோது மட்டும் அது என் வண்டி ஆகிவிட்டது.

நான் தினமும் சாயங்காலம் டிரைவிங் ஸ்கூல் காரில் பைபாஸில் அரை மணி நேரம் ஓட்டினேன். கிளட்ச் என்னை அழ வைத்தது. கற்றுக்கொடுத்தவருக்கு என் மகன் வயது இருக்கும், அதாவது எனக்கு மகன் இருந்திருந்தால். "மேடம், பிள்ளைகளை அடிக்கிற மாதிரி பிரேக்கை அடிக்காதீங்க" என்பார். நான் பிள்ளைகளை அடிப்பதே இல்லை என்று சொன்னால் நம்ப மாட்டார். முதல் டெஸ்டில் ஏற்றத்தில் வண்டி பின்னால் உருண்டுவிட்டது. இன்ஸ்பெக்டர் இறங்கச் சொல்லிவிட்டார். அன்றைக்கு வீட்டுக்கு வந்து, "பெயில்" என்று நானே அண்ணனிடம் சொன்னேன். அவர் சிரித்துக்கொண்டே டி.வி. பக்கம் திரும்பிக்கொண்டார். அந்தச் சிரிப்பு போதாதா? மறுபடி பணம் கட்டினேன், மறுபடி போனேன். இரண்டாவது தடவை உருளவில்லை.

லைசென்ஸ் வந்த வாரத்தின் ஞாயிற்றுக்கிழமை, பண்ணைப்புரத்தில் ஒரு மண்டபத்தில் மதினியின் தங்கை வீட்டுக் காதுகுத்து. எல்லோரும் போக வேண்டும். நான் காலையில் ஐந்தரைக்கே எழுந்து வாளியை எடுத்தேன்.

எங்கள் பள்ளிக்கூடத்து சயின்ஸ் சார் சொல்லியிருந்தார்: வினிகரில் தண்ணீர் கலந்து துணியை நனைத்துப் புள்ளி மேல் போட்டு வையுங்கள், தேய்க்கவே தேய்க்காதீர்கள், அதுவாக இளகும். அப்படியே செய்தேன். ஒரு கதவு, அது ஊறி வந்ததும் அடுத்த கதவு. மூன்று மணி நேரம் ஆனது. ஒவ்வொரு புள்ளியும் இளகி, துணியில் இளநீலமாக வந்தது. உடனே நல்ல தண்ணீர் ஊற்றி அலசினேன். பானட்டில் இருக்கும் கீறலை நான் ஒன்றும் செய்ய முடியாது. அது இருக்கட்டும் என்று விட்டேன். துடைத்து முடித்தபோது வண்டி ஷோரூமில் பார்த்த நிறத்துக்கு வந்திருந்தது. ஒரு தடவை வண்டியைச் சுற்றி வந்து பார்த்தேன்.

எட்டரைக்கு அண்ணன் வெளியே வந்தார். குளித்து, திருநீறு பூசி, இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டை. வண்டியைப் பார்த்தார், காலி வாளியைப் பார்த்தார். முகம் மலர்ந்துவிட்டது.

"அப்படி வா வழிக்கு" என்றார். பாவம், நான் சமாதானத்துக்கு வந்துவிட்டேன் என்று உண்மையாகவே நினைத்தார். பையிலிருந்து சாவியை எடுத்து விரலில் சுழற்றிக்கொண்டே, "நீ சேலைய மாத்திட்டு வா, நேரமாச்சு" என்றார்.

புது வண்டி எதற்கும் இரண்டு சாவி கொடுப்பார்கள். இன்னொன்று ஆர்.சி. புத்தகத்தோடு என் பீரோவில்தான் இருந்தது. நான் உள்ளே போய்ச் சேலையை மாற்றி, அதை எடுத்துக்கொண்டு வந்து, அவர் மதினியை அவசரப்படுத்திக்கொண்டிருக்கும்போதே வண்டியைத் திறந்து வலது பக்கம் ஏறி உட்கார்ந்தேன். சீட்டை முன்னால் இழுத்தேன். அண்ணன் நெட்டை, நான் குட்டை. பெல்ட்டைப் போட்டேன்.

கதவுச் சத்தம் கேட்டு அண்ணன் வந்து ஜன்னலைத் தட்டினார். கண்ணாடியை இறக்கினேன்.

"என்ன விளையாட்டு இது? இறங்கு."

"ஏறுறதுன்னா அந்தப் பக்கமா ஏறுங்கண்ணே."

"எல்லாரும் பாக்குறாக. இறங்குத்தா."

"பாக்கட்டும். நீங்க ஏறுங்க, மதினியையும் ஏறச் சொல்லுங்க. நேரமாச்சு."

தெருவில் நான்கைந்து பேர் நின்றுவிட்டார்கள். அண்ணன் முகம் கறுத்தது. "உன்னை வளத்ததுக்கு இதுவும் வேணும், இன்னமும் வேணும்" என்றார். அந்தச் சொல் நேராக நெஞ்சில் வந்து குத்தியது. இதை எழுதும்போதும் குத்துகிறது. ஆனால் வளர்த்ததற்கு நான் நன்றிதான் பட்டிருக்கிறேன், ஸ்டீரிங்கை எழுதிக் கொடுக்கவில்லை.

சாவியைத் திருப்பினேன். கிளட்சை விட்டதில் வண்டி குலுங்கி நின்றுவிட்டது. யாரோ சிரித்தார்கள். மறுபடி திருப்பினேன், மறுபடி நின்றது. மூன்றாவது தடவை எடுக்கப் போகும்போது மதினி பட்டுச்சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு வந்தாள். ஏறப் போகிறாள் என்று நினைத்தேன். ஏறவில்லை. சக்கரத்துக்கு முன்னால் கிடந்த வாளியை எடுத்து ஓரமாக வைத்துவிட்டு, கேட்டை நன்றாக அகலத் திறந்துவிட்டு, அண்ணன் பக்கத்தில் போய் நின்றுகொண்டாள்.

வண்டி நகர்ந்தது. கோம்பை வரைக்கும் இரண்டாவது கியரிலேயே போனேன். பின்னால் வந்த ஒரு மினி பஸ் ஹாரனாலேயே என்னைத் திட்டிக்கொண்டு வந்தது. திட்டட்டும் என்று விட்டேன். வியர்வையில் ஸ்டீரிங் வழுக்கியது. பயமாக இருந்தது, அதைச் சொல்வதில் எனக்கு வெட்கம் இல்லை. பயத்தோடுதான் ஓட்டினேன், ஓட்டிக்கொண்டு போய்ப் பண்ணைப்புரத்தில் மண்டபத்து வாசலில் நிறுத்தினேன். கொஞ்சம் கோணலாகத்தான்.

அவர்கள் இருவரும் பஸ்ஸில் வந்து இறங்க முக்கால் மணி நேரம் ஆனது. அண்ணனின் வெள்ளைச் சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது. வாசலில் வரவேற்க நின்ற சம்பந்தக்காரர் ஒருவர் என் வண்டியைக் காட்டி, "கோணலா நிக்குதே, மாமா, உங்க வண்டியா? கொஞ்சம் தள்ளிப் போடச் சொல்லுங்க" என்றார். பந்தி நடக்கும் பக்கம் போகத் திரும்பிய நான் அப்படியே நின்றேன்.

"என் வண்டி இல்ல. தங்கச்சி வண்டி. அவகிட்டச் சொல்லுங்க" என்றார் அண்ணன். முகத்தைத் திருப்பிக்கொண்டு, கசப்பைத் துப்புகிற மாதிரிதான் சொன்னார். ஆனால் நாலு பேர் முன்னால் சொன்னார். நானே போய் நேராக நிறுத்தினேன்.

இது நடந்து ஏழு மாதம் ஆகிறது. தினமும் ஓட்டிப் போய் வேப்பமரத்தடியில் நிறுத்துகிறேன், ஞாயிற்றுக்கிழமை கழுவுகிறேன். மதினி இப்போது வாரச் சந்தைக்கு என்னோடு முன் சீட்டில்தான் வருகிறாள். அண்ணன் பேசுகிறார், வீட்டு விஷயங்களை மட்டும். போன வாரம் நல்ல மழையில் பஸ் ஸ்டாப்பில் நனைந்துகொண்டு நின்றார். நான் வண்டியை ஓரம் கட்டி, அந்தப் பக்கத்துக் கதவைத் திறந்து பிடித்தேன். "நீ போத்தா, பஸ் வருது" என்றார். பஸ் எதுவும் வரவில்லை. வைப்பர் போய் வந்துகொண்டிருக்க, இரண்டு பேரும் அந்தத் திறந்த கதவைப் பார்த்துக்கொண்டிருந்தோம். இடது சீட் நனைந்துவிட்டது. எனக்கு அழுகை வந்தது. இன்னமும் அவர் என் அண்ணன்தான், இன்னமும் அந்தக் கதவைத் திறந்துதான் பிடிப்பேன். ஆனால் அவர் ஏறவில்லை என்பதற்காக நான் இறங்கப் போவதில்லை.